தசை தளர்த்தி மாத்திரை எதைத் தளர்த்துகிறது?

வாசகர் கேள்வி – 4 பிப்ரவரி 2025

அக்கா, தண்ணீர் வாளியைத் தூக்கக் குனிந்தேன், இடுப்பில் சுருக்கென்றது. அதோடு நிமிர முடியவில்லை. இன்றோடு ஐந்து நாள். வலி மாத்திரையோடு தசை தளர்த்தி மாத்திரையும் ஒன்று கொடுத்திருக்கிறார்கள், இரவில் ஒன்று போடச் சொல்லி. போட்டால் அடித்துப் போட்ட மாதிரி தூக்கம் வருகிறது, காலையில் எழுந்தால் வலி அப்படியே இருக்கிறது. தசை இன்னும் தளரவில்லை என்று அர்த்தமா? இரண்டாகப் போடலாமா?

4 பிப்ரவரி, இரவு

இரண்டாகப் போட வேண்டாம் தம்பி. மற்றதெல்லாம் அப்புறம், இதை முதலில் படித்துவிடுங்கள்.

தூக்கம் மட்டும் வருகிறது என்கிறீர்களே, மருந்து வேலை செய்யவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. அது செய்கிற வேலையே பெரும்பாலும் அதுதான். பெயர்தான் நம்மைத் திசை திருப்புகிறது. தசை தளர்த்தி என்றதும், இடுப்பில் முடிச்சு விழுந்த இடத்தைத் தேடிப் போய் அவிழ்த்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். இந்த மாத்திரைகள் எதுவும் தசையைத் தொடுவதில்லை. வேலையெல்லாம் மூளையிலும் தண்டுவடத்திலும்தான். சைக்ளோபென்ஸாப்ரின் என்று ஒன்று இருக்கிறது, முதுகுப் பிடிப்புக்கு உலகத்தில் அதிகம் ஆராயப்பட்டது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலினுக்கும் அதற்கும் வேதி அமைப்பில் ஒரே ஒரு இரட்டைப் பிணைப்புதான் வித்தியாசம். தூக்கம் ஏன் வருகிறது என்று இப்போது புரியும்.

அளவைக் கூட்டினால் தூக்கமும் தலைசுற்றலும்தான் கூடும்.

5 பிப்ரவரி, காலை

நேற்று அவசரத்தில் எழுதாமல் விட்டது. இது வலி மாத்திரையைப் பற்றிய பேச்சே இல்லை. இவற்றில் ஏதாவது இருந்தால் இந்த இழையை மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்: சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தெரியாமல் போவது, மலம் கட்டுப்பாடின்றிப் போவது, தொடை இடுக்கிலும் உட்காரும் இடத்திலும் மரத்துப்போவது, கால் நாளுக்கு நாள் வலுவிழப்பது. தண்டுவடத்தின் அடிப்பக்க நரம்புக் கற்றை நசுங்கினால் இப்படி வரும். நாள் கணக்கில் காத்திருக்கக் கூடாது, மணிக்கணக்குதான் முக்கியம். காய்ச்சலோடு முதுகு வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக முதுகு வலி, வயதானவர் விழுந்த பிறகு வலி, இவையும் வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயம் இல்லை.

5 பிப்ரவரி, மதியம்

என் கதையைச் சொல்கிறேன், ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்று தெரியட்டும்.

மூன்று வருடம் முன்பு அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு புத்தகக் கட்டை இழுத்தேன். கனம்கூட இல்லை. இடுப்பின் இடது பக்கம் பிடித்துக்கொண்டது, உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றது. டிசானிடின் என்ற தசை தளர்த்தி, 4 மி.கி., இரவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். தூக்கம் வரும் என்று சொன்னார்கள். ரத்த அழுத்தம் இறங்கும் என்று யாரும் சொல்லவில்லை.

இரண்டாம் இரவு பாத்ரூம் போக எழுந்தேன். முதுகு வலிக்குமே என்று மெதுவாக எழாமல், ஒரே மூச்சில் எழுந்து நின்றேன். கண்ணின் ஓரங்களிலிருந்து இருட்டு உள்ளே வந்தது. ஜன்னல் திரையைப் பிடித்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது, கன்னத்தில் தரையின் குளிர்ச்சி. திரை, அது மாட்டியிருந்த கம்பி, எல்லாம் என் மேல் கிடந்தன. கூப்பிட வாயைத் திறந்தால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரவில்லை, அவ்வளவு வறட்சி. முழங்காலில் நான்கு தையல்.

டிசானிடின், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் குளோனிடினின் உறவுக்கார மருந்து. உடம்புக்குள் போய் ஏறத்தாழ அதே பூட்டைத்தான் திறக்கிறது. இதை நான் தையல் போட்ட பிறகுதான் படித்தேன். முன்பே தெரிந்திருந்தால் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருப்பேன். சரி, இனி அந்த மாத்திரையைக் கையால் தொட மாட்டேன்.

6 பிப்ரவரி

"எல்லா டாக்டரும் எழுதுகிறார்களே, பலன் இல்லாமலா எழுதுவார்கள்" என்று கேட்டிருக்கிறார் இன்னொருவர். நியாயமான கேள்வி. எண்களோடு சொல்கிறேன்.

2015-இல் நியூயார்க்கில் ஓர் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குத் திடீர் முதுகு வலியோடு வந்த 323 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் நாப்ராக்சன் என்ற வலி மாத்திரை. அதோடு ஒரு குழுவுக்கு வெறும் மாவு மாத்திரை, ஒரு குழுவுக்குச் சைக்ளோபென்ஸாப்ரின், மூன்றாவது குழுவுக்கு ஆக்சிகோடோன் என்ற ஓபியாய்டு வலி மருந்தும் பாராசிட்டமாலும். ஒரு வாரம் கழித்து, சாக்ஸ் போட முடிகிறதா, படி ஏற முடிகிறதா என்பது மாதிரி 24 கேள்விகள் கொண்ட பட்டியலை வைத்து அளந்தார்கள். மாவு மாத்திரைக் குழு 9.8 புள்ளி முன்னேறியிருந்தது. தசை தளர்த்திக் குழு 10.1. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

அதே ஆராய்ச்சியாளர்கள் 2017-இல், பதற்றத்துக்கும் தசை இறுக்கத்துக்கும் கொடுக்கும் டயஸிபாம் வைத்துப் பார்த்தார்கள். 2019-இல் 320 பேரிடம் பாக்லோஃபென், மெடாக்ஸலோன், டிசானிடின் என்ற மூன்று தசை தளர்த்திகளையும் இபுப்ரோஃபெனோடு சேர்த்துப் பார்த்தார்கள். அதே கதைதான்.

இந்த ஆய்வுகளில் எனக்குப் பிடித்த எண், குழுக்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம் அல்ல. மாவு மாத்திரை சாப்பிட்டவர்களும் ஒரே வாரத்தில் பத்துப் புள்ளி முன்னேறினார்களே, அதுதான். முதுகு தானாகத் தேறுகிறது தம்பி. நாம் அந்த ஏழு நாளில் எந்த மாத்திரையைப் போட்டோமோ அதற்குப் பெயரும் புகழும் கொடுத்துவிடுகிறோம்.

ஆகவே என் கருத்து: தூக்கிப் போடுங்கள் அந்த அட்டையை.

7 பிப்ரவரி – திருத்தம்

இரண்டு தவறு.

ஒன்று, "எதுவும் தசையைத் தொடுவதில்லை" என்று எழுதியது. மருந்தகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். டான்ட்ரோலீன் தசைக்குள்ளேயே போய் கால்சியம் வெளியேறுவதைத் தடுக்கிறது. உண்மை. ஆனால் அது பக்கவாதம், தண்டுவடக் காயம் போன்றவற்றால் தசை விறைத்துப் போனவர்களுக்கும், மயக்க மருந்தால் வரும் ஆபத்தான உடல்சூட்டுக்கும் உள்ள மருந்து. முதுகுப் பிடிப்புக்கு இல்லை. அறுவை அரங்கில் மயக்க மருத்துவர் போடும் ஊசி மருந்துகளும் தசையைச் செயலிழக்க வைப்பவைதான். அவை மூச்சையும் நிறுத்தும், அதனால்தான் செயற்கைச் சுவாசம் வைக்கிறார்கள். நம் கையில் இருக்கும் மாத்திரை அந்தக் குடும்பம் அல்ல.

இரண்டு, "தூக்கிப் போடுங்கள்" என்றது. இது பெரிய தவறு. மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் உள்ள ஒரு பெண், ஆண்டுக்கணக்காகப் பாக்லோஃபென் எடுப்பவர், எனக்கு எழுதியிருந்தார். நரம்பு நோயால் கால் விறைப்பவர்களுக்கு அந்த மருந்து நடையையே திருப்பிக் கொடுக்கிறது. அதை ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், மனம் குழம்பலாம். டிசானிடினையும் அதிக அளவில் நெடுநாள் எடுத்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். நான் எழுதியது நான்கைந்து நாளாக முதுகுப் பிடிப்புக்கு எடுப்பவர்களுக்கு மட்டும். வாரக்கணக்கில் எடுப்பவர்கள் எழுதிக் கொடுத்தவரைக் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அந்தச் சகோதரியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

9 பிப்ரவரி

அப்படியானால் பிடிப்பு என்பதே இல்லையா என்று தம்பி கேட்கிறார். இருக்கிறது. கை வைத்தால் கட்டை மாதிரி இறுகியிருப்பது எனக்கும் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள், பல்லில் வலி என்றால் அந்தப் பக்கம் கடிக்கிறோமா? அடிபட்ட இடத்தை உடம்பு அசைய விடாமல் காக்கிறது. இறுக்கம் பல நேரம் வலியின் விளைவு. வலி குறையக் குறைய, அசைவு கூடக் கூட, அதுவே விட்டுக்கொடுக்கிறது.

எனக்கு ஒத்தடம் நன்றாகக் கேட்டது. 2017-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டியிலும் புதிதாக வந்த முதுகு வலிக்கு முதலில் சொல்லியிருப்பது மேற்சூடு, மசாஜ், அக்குபங்சர் போன்றவைதான். மருந்து வேண்டும் என்றால் அழற்சி குறைக்கும் வலி மாத்திரை அல்லது தசை தளர்த்தி என்கிறது. ஆமாம், தசை தளர்த்தியையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். இதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

10 பிப்ரவரி

நேற்று எழுதியது உறுத்திக்கொண்டே இருந்தது, திரும்பப் படித்துப் பார்த்தேன். 2021-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. 31 ஆய்வுகள், 6,500-க்கும் மேற்பட்டவர்கள். பென்ஸோடயஸிபின் (டயஸிபாமின் குடும்பம்) அல்லாத தசை தளர்த்திகள் முதல் இரண்டு வாரத்துக்குள் வலியை 100-க்கு சுமார் 8 புள்ளி குறைக்கின்றன. அன்றாட வேலை செய்யும் திறனில் தெளிவான முன்னேற்றம் இல்லை. பக்கவிளைவு வாய்ப்பு கூடுகிறது. சான்றின் உறுதி மிகக் குறைவு என்று அவர்களே சொல்கிறார்கள்.

8 புள்ளி என்றால் என்ன? 70-இல் இருந்த வலி 62 ஆகிறது. ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. முதல் மூன்று இரவு புரண்டு படுக்க முடியாமல் கிடப்பவருக்கு, அந்த எட்டும் கூட வரும் தூக்கமும் சேர்ந்தால் பெரிய விஷயம். 6-ஆம் தேதி நான் எழுதியது எண்ணளவில் சரி, தொனியில் தப்பு.

10 பிப்ரவரி, பின்னிரவு

ஆனாலும் வண்டி ஓட்டாதீர்கள். சைக்ளோபென்ஸாப்ரினின் பாதி அளவு உடம்பை விட்டு வெளியேற சராசரியாக 18 மணி நேரம். இரவு பத்து மணிக்குப் போட்டது மறுநாள் மாலை வரை உள்ளே இருக்கிறது. மது கூடவே கூடாது.

14 பிப்ரவரி

"நான் தசை தளர்த்தி எதுவும் எடுக்கவில்லை, சாதாரண வலி மாத்திரைதான்" என்று எழுதியிருந்த ஒருவரிடம் அட்டையைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். ஒரே மாத்திரைக்குள் அசிக்ளோஃபினாக், பாராசிட்டமால், குளோர்சாக்ஸசோன். மூன்றாவது தசை தளர்த்திதான். அரிதாகக் கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியது. அதற்கு மேல் காய்ச்சல் என்று தனியாகப் பாராசிட்டமாலும் போட்டுக்கொண்டிருந்தார்! ஒரே மருந்து இரண்டு வாசல் வழியாக உள்ளே போகிறது.

முன்பக்கப் பெயர் விற்பவர் வைத்தது. உள்ளே என்ன இருக்கிறது என்பது பின்பக்கச் சிறிய எழுத்தில் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள், கண் தெரியாவிட்டால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்குங்கள்.

15 பிப்ரவரி

தயோகோல்சிகோசைடு என்ற தசை தளர்த்தி பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இதைக் கருவுற்றிருப்பவர்களும், கருத்தரிக்க வாய்ப்புள்ளவர்களும் கவனமாகப் படிக்க வேண்டும். இந்த மருந்து உடம்பில் சிதைந்து உண்டாகும் ஒரு பொருள், செல் பிரியும்போது குரோமோசோம்களின் எண்ணிக்கையைக் குழப்பக்கூடும் என்று தெரியவந்தது. 2013-இல் ஐரோப்பிய மருந்து முகமை கட்டுப்பாடு விதித்தது: 16 வயதுக்குக் கீழே கூடாது, கர்ப்ப காலத்திலும் பாலூட்டும்போதும் கூடாது, கருத்தடை முறை பின்பற்றாத பெண்களுக்குக் கூடாது, மாத்திரையாக எடுத்தால் பத்து நாளுக்கு மேல் கூடாது.

15 பிப்ரவரி, ஒரு மணி நேரம் கழித்து – திருத்தம்

பத்து நாள் இல்லை, ஏழு நாள். ஊசியாக என்றால் ஐந்து நாள். தப்பாக எழுதிவிட்டேன், மேலே படித்தவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

22 பிப்ரவரி

தம்பியிடமிருந்து செய்தி: மாத்திரையை நான்கு நாள் முன்பே நிறுத்திவிட்டாராம். வலி பாதியாகிவிட்டதாம். இப்போது வீட்டில் எல்லோரும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்களாம்.

5-ஆம் தேதி சொன்ன ஆபத்து அறிகுறிகள் இல்லை, வலியும் குறைந்துகொண்டு வருகிறது என்றால் அவசரப்பட வேண்டியதில்லை. 1994-இல் முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு டிஸ்க் புடைத்திருந்தது. படம் எடுத்தால் ஏதாவது தெரியும். தெரிந்ததும் "டிஸ்க் போய்விட்டது" என்ற சொல் தலையில் ஏறிக்கொள்ளும். எனக்கு அப்படித்தான் ஆனது. நான்காம் நாள் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தவள், அறிக்கையைப் படித்த அன்று மாலை மறுபடி படுத்துவிட்டேன். முதுகில் எதுவும் மாறவில்லை. ஒரு காகிதம் என்னைப் படுக்க வைத்தது.

படுக்கை பற்றி. 1995-இல் ஹெல்சிங்கியில் மூன்று குழு வைத்துப் பார்த்தார்கள்: இரண்டு நாள் படுக்கை, முதுகுப் பயிற்சி, வலி அனுமதிக்கிற அளவுக்கு வழக்கமான வேலை. வழக்கமான வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள்தான் முதலில் தேறினார்கள். அந்தப் பயிற்சிக் குழுவைவிடவும் முன்னால்! இதை எங்கள் பிசியோதெரபிஸ்ட் சொன்னபோது நான் நம்பவில்லை.

3 மார்ச்

அம்மாவுக்கு 71 வயது. குளிர் நாளில் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். பழைய சீட்டை வைத்துக்கொண்டு டிசானிடின் வாங்கி வைத்திருந்தார் என்பதே எனக்குத் தெரியாது. சிறுநீர்த் தொற்றுக்கு டாக்டர் சிப்ரோஃபிளாக்ஸசின் எழுதினார். மருந்தகத்தில் இருந்த இளம்பெண், "வேறு என்னம்மா சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். அம்மா பையிலிருந்து எல்லா அட்டைகளையும் எடுத்துக் கொட்டியிருக்கிறார். அந்தப் பெண் டிசானிடின் அட்டையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் போட்டார்.

இந்த இரண்டும் சேரவே கூடாது. டிசானிடினைக் கல்லீரலில் உடைக்கும் நொதியைச் சிப்ரோஃபிளாக்ஸசின் முடக்கிவிடுகிறது. ரத்தத்தில் டிசானிடின் அளவு பல மடங்கு ஏறும். மனநலச் சிகிச்சைக்குக் கொடுக்கும் ஃபுளுவாக்சமினோடும் அப்படியே. ஒரே ஒரு கேள்வி கேட்டார் அந்தப் பெண். நான் 4 மி.கி.க்கே திரையோடு விழுந்தவள். அம்மா விழுந்திருந்தால் இடுப்பு எலும்பு என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை.

65 வயதுக்கு மேல் பெரும்பாலான தசை தளர்த்திகளைத் தவிர்க்கச் சொல்லி அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றைக்கே அவர்களுடைய மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள்.

5 மார்ச்

"மாதக்கணக்கில் எடுத்தால் என்ன?" இரண்டே வரி. சைக்ளோபென்ஸாப்ரினை இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் எடுக்கச் சான்று இல்லை என்று அதன் மருந்துக் குறிப்புத் தாளிலேயே இருக்கிறது. நாள்பட்ட இடுப்பு வலிக்குத் தசை தளர்த்திகளை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பர் வழிகாட்டியில் சொல்லிவிட்டது.

காரிசோப்ரோடால் என்ற தசை தளர்த்தியின் கதை தனி. உடம்பில் அது மெப்ரோபமேட் ஆக மாறுகிறது. மெப்ரோபமேட், 1950-களில் பதற்றத்துக்கு அள்ளி அள்ளிக் கொடுக்கப்பட்டு, அடிமையாக்கும் என்று தெரிந்த மருந்து. 2007-இல் ஐரோப்பா காரிசோப்ரோடாலின் அனுமதியை நிறுத்தி வைக்கப் பரிந்துரைத்தது. 2012-இல் அமெரிக்கா அதைக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

11 ஜூன்

மூன்று மாதம் கழித்து வருகிறேன், காரணம் முதுகுதான். ஞாயிறு காலை சாக்ஸ் போடக் குனிந்தபோது அதே இடது பக்கம். அதே சாய்வு. முதல் நாள் மாலைக்குள் திரும்பிப் படுப்பதற்கே மெத்தையின் ஓரத்தைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

பிப்ரவரி 5-இல் "கையால் தொட மாட்டேன்" என்று எழுதினேன். தொட்டேன். நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்றுதான் வந்தேன். டாக்டரிடம் போனில் பேசினேன், விழுந்த கதையைச் சொன்னேன். 2 மி.கி., படுக்கப் போகும்போது, இரண்டு இரவு மட்டும் என்றார். சிறுநீர் போய்விட்டு வந்துதான் போட்டேன். கட்டில் பக்கத்தில் தண்ணீர், விளக்கு எரிந்தபடியே. என் கணவரை உள்பக்கம் படுக்கச் சொல்லாமல் வெளிப்பக்கம் படுக்கச் சொன்னேன், அவரைத் தாண்டாமல் நான் இறங்க முடியாதபடி. இரவு ஒருமுறை எழுந்தபோது உட்கார்ந்து நூறு வரை எண்ணிவிட்டு நின்றேன்.

தூங்கினேன். தசை தளர்ந்ததா தெரியாது. தூங்கியதால் காலையில் நடக்கத் துணிவு வந்தது.

13 ஜூன்

நடை: முதல் நாள் அறைக்குள் ஐந்து நிமிடம், மணிக்கொருமுறை. இன்று வெளியே இருபது நிமிடம். 2024-இல் ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு வந்தது. முதுகு வலி வந்து தேறிய 701 பேரில், பாதிப் பேருக்குப் பிசியோதெரபிஸ்ட் துணையோடு படிப்படியாகக் கூட்டும் நடைத் திட்டம், மீதிப் பேருக்கு எதுவும் இல்லை. மறுபடி வலி வர நடந்தவர்களுக்கு நடுமதிப்பாக 208 நாள் ஆனது, மற்றவர்களுக்கு 112 நாள். மார்ச்சிலேயே இதைப் படித்தேன், இரண்டு வாரம் நடந்தேன், பிறகு விட்டுவிட்டேன். இந்த முறை காலை மணி ஆறு அடித்ததும் அம்மா போன் செய்வதாக ஏற்பாடு. அவரும் அங்கே நடப்பார்.

19 ஜூன்

தம்பி, கேட்டிருந்தீர்கள். சாக்ஸை இன்று நின்றபடியே போட்டேன், சுவரில் சாய்ந்துகொண்டு. மீதி எட்டு மாத்திரைகளை மருந்தகத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதே இளம்பெண்தான் வாங்கிக்கொண்டார். அம்மாவை நலம் விசாரித்தார்.